எஸ்தர் சிஸ்டர் கட்டாத பஸ்

காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது எஸ்தர் சிஸ்டரின் கணவர் ஜெயசீலன் சாரின் அழைப்பு வந்தது. "விடியக்காலைல எஸ்தர் போய்ட்டா பாய்" என்றார். யாரோ போனை வாங்கி, அடக்கம் சாயங்காலம் என்று சொன்னார்கள்.

இந்த இடத்தில், சிஸ்டருடைய முகம் கண்முன் வந்து நின்றது என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஓர் அட்டைப் பெட்டி. வேலூரில் அவர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், சுற்றியிருந்த கண்ணாடித்தாள்கூடக் கிழியாமல் இருந்த ஒரு பஸ் பெட்டி. இனி அது நமக்குத்தான் என்று மனது சொன்னது. பாதி ஏறிய ஷட்டரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அன்று என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் அடங்கவில்லை. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எஸ்தர் சிஸ்டரைத் தெரியாதவர்களுக்காக: அவர் கன்னியாஸ்திரி அல்ல, நர்ஸ். வேலூரில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மருந்துப் பெட்டிகளோடு இன்ஜின் முன்னால் நீண்டிருக்கும் ஒரு பழைய மூக்கு வைத்த பஸ்ஸில் திமிரி, காவேரிப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் வந்தவர். ஓய்வுக்குப் பிறகு பொம்மை வண்டி கட்ட ஆரம்பித்தார். பொம்மை என்று நான் எழுதியதைப் பார்த்தால் கோபித்துக்கொள்வார். 'மாடல்' என்று சொல்ல வேண்டும். பெட்டிக்குள் துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் பாகங்கள் வரும். ஒட்டி, தேய்த்து, வர்ணம் அடித்து, நிஜ வண்டியின் அளவுகள் அதே விகிதத்தில் சிறுத்த வண்டியாக நிறுத்த வேண்டும்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்கு ஐலெட், பக்கிள், லைனிங் தோல் சப்ளை செய்கிறவன். ஒருநாள் கடைக்கு ஓர் அம்மா வந்து, இருப்பதிலேயே சின்ன ஐலெட் வேண்டும் என்றார். கயிறு கோக்கும் ஓட்டைக்கு வைக்கிற உலோக வளையம் அது. எந்த மாதிரி ஷூவுக்கு என்று கேட்டேன்.

"ஷூவுக்கு இல்ல பாய். ஜீப்புக்கு."

"ஜீப்புக்கா?"

"ஹெட்லைட்டுக்கு ஒரு விளிம்பு வேணும்." கைப்பையிலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சின் மேல் ஒரு ஜீப் உட்கார்ந்திருந்தது.

கடைப் பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் அதே மாதிரிப் பெட்டிகள் இருந்தன. ஒரே வித்தியாசம், அவர் கட்டுகிறவர், நான் சேர்க்கிறவன். ஒரு பெட்டியையும் நான் பிரித்ததில்லை. பிரித்தால் மதிப்பு போய்விடும் என்பது என் கட்சி. அதை அன்றைக்கே அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்போ நீங்க வண்டி வாங்கல பாய், அட்டை வாங்கறீங்க" என்றார்.

அன்று தொடங்கிய பழக்கம். மாதம் ஒருமுறையாவது வேலூர் போகும்போது தோல் துணுக்குகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போவேன். அவருடைய மேஜையைப் பார்த்தால் வீட்டில் எந்தச் சாமானும் ஒழுங்காக இருக்காது என்று புரியும். டீ வடிகட்டியின் வலை ரேடியேட்டர் ஆகியிருக்கும். ரவிக்கைக் கொக்கி கதவுக் கைப்பிடி ஆகியிருக்கும். மாத்திரை அட்டையின் ஈயத்தாள் கண்ணாடி ஆகியிருக்கும். லாரியின் பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழம், மஞ்சள் பூசிய கடுகு. அந்த ஜீப்பின் முன்கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மங்கலாக ஓர் எலும்பு தெரியும். ஜெயசீலன் சாரின் முழங்கால் எக்ஸ்ரேயிலிருந்து வெட்டியது.

"என் முட்டிக்கு வைத்தியம் ஆச்சோ இல்லியோ, அவ ஜீப்புக்கு ஆயிட்ச்சு" என்பார் அவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சிரிக்காமல் பேசுவார்.

தனியாக விற்கிற நேர்த்தியான உலோக பாகங்களை ஏன் வாங்குவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "கடையில வாங்கினா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் பாய். ரோட்ல போற வண்டி எது ஒரே மாதிரி இருக்குது? ஒண்ணுத்துல நசுங்கியிருக்கும், ஒண்ணுத்துல டிரைவர் அவர் பொண்ணு பேர் எழுதியிருப்பார்" என்றார். கட்டி முடித்த வண்டியில் ஏதாவது ஓரிடத்தை ஸ்பூனைச் சூடாக்கி நசுக்காமல் விடமாட்டார். பார்க்கிற எனக்குத்தான் வயிறு எரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஜப்பானில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை மகள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். மூக்கு வைத்த பழைய பஸ். நான் எத்தனையோ பேரிடம் சொல்லி வைத்தும் கிடைக்காதது. தயாரிப்பே நின்றுபோன மாடல். அதைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது என்பதை மறைப்பதற்கில்லை. சிஸ்டருக்கு அது அரிய மாடல் என்பதெல்லாம் பொருட்டே இல்லை. அவர் இளவயதில் ஏறிப்போன ஆஸ்பத்திரி பஸ் அந்த அட்டைப் படத்தில் இருந்தது. கை இன்னும் நன்றாகப் பழகட்டும், அப்புறம் கட்டுகிறேன் என்று மேல்தட்டில் வைத்தார்.

"எனக்குக் குடுத்துடுங்க சிஸ்டர்."

"நான் போன பிறகு எடுத்துக்கோங்க பாய்."

"எப்ப போறீங்க?"

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து ஜெயசீலன் சார் எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து அதுவே எங்களுக்கு வணக்கம் ஆகிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்னும் போகலியா சிஸ்டர்?" என்பேன். "அவசரம்னா சொல்லுங்க பாய், சீக்கிரம் கிளம்பறேன்" என்பார். போனில் பேசினாலும் அதுதான். கிறிஸ்துமஸ் கேக்கோடு வந்தபோதும், நாங்கள் பிரியாணி கொடுத்தனுப்பிய பெருநாளிலும் அதுதான். என் மனைவி ஷமீமுக்கு அது பிடிக்கவில்லை. "என்ன பேச்சு இது, வாய்ல நல்ல வார்த்தை வராதா?" என்று திட்டினாள். தமாஷ் என்றேன்.

இந்த வருடம் பொங்கல் கழித்துப் போனேன். சிஸ்டர் இளைத்திருந்தார். சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். இந்த முறை பதில் உடனே வரவில்லை. நான் கொண்டுபோன லைனிங் தோலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வண்டி ஸ்டாண்டுக்கு வந்துட்ச்சு பாய். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கார்."

நான் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தேன். ஆம்பூருக்குத் திரும்பி, கடையிலும் அதைச் சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பிறகு கடை வேலையில் வேலூர் போக வாய்க்கவில்லை, போனில்தான் அதே கேள்வியைக் கேட்டேன். வயிற்றில் கட்டி என்றும், இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றும் அதற்கு முந்தைய வாரமே அவருக்குச் சொல்லிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல்தானே கேட்டீர்கள் என்று இப்போது எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். நாற்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவர், என் எதிரில் இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை நான் உடம்பு எப்படி என்று கேட்டிருக்கலாம். என் கண் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.

அடக்கத்தன்றும் அப்படித்தான். கூடத்தில் பெட்டிக்குள் அவர் படுத்திருக்க, பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தேன். பஸ் பெட்டி அங்கே இல்லை. யார் எடுத்திருப்பார்கள் என்று ஒரு கணம் பதறினேன். அவருடைய உடலுக்கு எதிரில் நின்றுகொண்டு.

பத்து நாள் கழித்து ஜெயசீலன் சார் கூப்பிட்டார். போனதும் இரண்டு சாமான்களை என் முன்னால் வைத்தார். ஒன்று அந்தப் பெட்டி, பிரிக்காமல், ஒரு துண்டில் சுற்றி. இன்னொன்று ஒரு பிஸ்கட் டின்.

டின்னைத் திறந்தேன். உள்ளே ஒரு பஸ்ஸின் வயிறு முழுவதும் இருந்தது. என்னுடைய லைனிங் தோலைக் காகிதம்போலச் சீவி, பஞ்சு வைத்து மூடிய சீட்டுகள். காயத்துக்குக் கட்டும் துணியில் ஜன்னல் திரைகள். ஐஸ்கிரீம் குச்சியில் ஸ்டிரெச்சர். தீப்பெட்டி அட்டையில் மருந்துப் பெட்டிகள், ஒன்றின் மூலை நசுங்கியிருந்தது. எல்லாம் தயார், பஸ் மட்டும் இல்லை.

"கடைசி நாலு மாசம் இதான் வேலை. அட்டைல இருக்கற படத்துல ஸ்கேல் வச்சி அளந்து அளந்து பண்ணா" என்றார். "பிரிச்சிக் கட்டு எஸ்தர், பாய் ஒண்ணும் சொல்ல மாட்டார்னு கெஞ்சினேன். கேக்கல. 'பாய்க்குன்னு சொல்லிட்டேன். பிரிச்ச பொட்டி அவருக்கு ஆகாது'ன்னா."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்" என்றேன்.

"பண்றேன்னுதான் சொன்னேன். 'பண்ணா என் உடம்பு விஷயம் தெரிஞ்சிரும். அப்புறம் எப்பப் போறீங்கன்னு கேக்க மாட்டார். வர்றவங்க எல்லாம் மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு வர்றாங்க, அவர் ஒருத்தராவது கேக்கட்டும்'னா."

என்னைத் தேற்றத்தான் அவர் அதைச் சொன்னார். எனக்கு அது தேறுதலாக இல்லை. என் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு விலையாக, ஆசைப்பட்ட ஒரே பஸ்ஸை அவர் கட்டாமல் போனார். அன்றே போன் வந்திருந்தால், தாராளமாகக் கட்டுங்கள் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று நம்பவே விரும்புகிறேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் பெட்டியை வைத்தேன். கத்தியை எடுத்ததும் ஷமீம் பக்கத்தில் வந்து நின்றாள். "பிரிக்கிறீங்களா?" என்றாள். என் ஆயுளில் முதல் பெட்டி. கண்ணாடித்தாள் கிழிந்தபோது எனக்கு வலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் புத்தி சாவோடுதான் போகும்போல.

தரையையும் இரண்டு பக்கச் சுவர்களையும் சேர்த்து நிறுத்தி, சிஸ்டரின் சீட்டுகளை வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. அவர் அளந்தது படத்தில் தெரிந்த வெளி அகலத்தை. சுவரின் கனம் படத்தில் தெரியாது. பெட்டியைத் திறந்து ஒரு தடவை பார்த்திருந்தால் அவருக்கு அது புரிந்திருக்கும். இதெல்லாம் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் ஒன்றுதான் சொல்வார்கள்: சீட்டின் ஓரத்தைக் கொஞ்சம் சீவிவிடு, ஐந்து நிமிட வேலை.

சீட்டுகளை எடுத்துத் திரும்ப டின்னில் வைத்தேன். மெல்லிய ரம்பத்தை எடுத்து, பஸ்ஸை மூக்கிலிருந்து பின்கதவு வரை, கூரையும் தரையுமாக, நடுவில் நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். இடையில் ஒட்டுவதற்கு ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியிலிருந்து ஒரு பட்டை வெட்டி வைத்திருக்கிறேன். அகலப்படுத்திய பஸ்ஸை யாரும் இனி அரிய மாடல் என்று கேட்க மாட்டார்கள். ஜெயசீலன் சாரிடம் கொடுப்பதற்கு முன் எங்காவது ஓரிடத்தில் ஸ்பூனைச் சூடாக்கி நசுக்கவும் வேண்டும்.

சிஸ்டர், உங்கள் சீட்டுகளில் நான் கை வைக்கவில்லை. பஸ் இப்போது இரண்டு துண்டாக மேஜையில் கிடக்கிறது, சீட்டுகள் நடுவில் வரிசையாக நிற்கின்றன. எப்போது போவீர்கள் என்று இத்தனை நாளும் கேட்ட வாய்க்கு, போய் வாருங்கள் என்று சொல்ல வரவில்லை.