ராத்தாவின் பிள்ளைக்குக் கொடுத்த பால்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மாதா கோயிலில் வாசகம் வாசிக்கச் சொன்னாலே கடைசி வாங்குக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவள் எழுத வந்ததை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேறு ஆள் இல்லை.

வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனங்கள் வள்ளங்களில் வந்து எங்கள் கரையில் இறங்கிய காலம் அது. மாம்புரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னந்தோட்டத்தில் தென்னோலைக் கிடுகுக் குடிசைகள் போட்டார்கள். வேலியோரக் குடிசையில் ஒரு ராத்தா, முஸ்லிம் அக்காமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத பெண்பிள்ளையோடு இருந்தார். வழியில் பிடித்த காய்ச்சலில் அவருக்குப் பால் வற்றிவிட்டது. சீனித் தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள்.

என் மகனும் அப்போது பால்குடிதான். அந்தப் பிள்ளை அழுதால் பால் சுரந்து என் சட்டை நனைந்துவிடும். ஆண்டவர் எனக்குத் தந்தது வேலிக்கு இந்தப் பக்கத்துக்கு மட்டும் இல்லை என்று மனதில் பட்டது. வெட்கத்தை விட்டுப் போய், பிள்ளைக்கு நான் பால் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

ராத்தா பிள்ளையை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, குடிச்சா இவ உங்கட மகனுக்குச் சகோதரி. பெரிசானா ரெண்டு பேரும் கலியாணம் முடிக்கேலா. எங்கட மார்க்கத்தில அப்பிடி. சம்மதமா?"

"ஓம் ராத்தா."

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். "நல்லது. சம்பந்தி சண்டை ஒண்டு குறைஞ்சுது."

முதல் நாள் பிள்ளை குடித்து முடித்ததும், என் மகனுக்குச் செய்கிற பழக்கத்தில் அவள் நெற்றியிலும் பெருவிரலால் சிலுவை போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது.

"என்ன தங்கச்சி அது?"

"ஆசீர்வாதம் ராத்தா... பழக்கத்தில..."

"துஆதானே. இருக்கட்டும். இவளுக்காக இப்ப ஆர் ஆண்டவனிட்டக் கேட்டாலும் போதும்."

அதன்பிறகு கடற்படை மீன் பிடிக்கக் கடலுக்குப் போவதைத் தடுத்தது. எங்கள் வள்ளம் மணலில் கிடந்தது. பாண் ரொட்டியும் துருவிய தேங்காய்ப்பூவும் சாப்பிட்டோம். பிறகு வெறும் மரவள்ளிக்கிழங்கு. என் பால் குறைந்தது. இருந்ததை ராத்தாவின் பிள்ளைக்கு முதலில் கொடுத்தேன்.

கணவரின் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "உன்ட பிள்ளை விரலைச் சூப்புது. நீ ஊருக்கு மடி குடுக்கிற. புனிதையாகப் போறியோ?"

"இவன் கஞ்சி குடிக்கிறான் மச்சாள். அவளுக்கு வேற என்ன இருக்கு?"

மடியில் அவளை வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்வேன். மனம் நிறைந்துதான் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் மார்பு நிறையவில்லை. பிள்ளை இழுத்து இழுத்துக் களைத்து, வாயை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும்.

குடிசைகளில் வயிற்றோட்டம் பரவியது. அவளுக்கும் வந்தது. ஆசுபத்திரியில் தந்த மருந்தும் வயிற்றில் நிற்கவில்லை. ஒரு மத்தியானம் ராத்தா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் மடியில் வைத்தார். முலையை வாயில் வைத்தேன். உதடு அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் வச்சுப் பாருங்க தங்கச்சி."

வைத்துக்கொண்டே இருந்தேன். மச்சாள் வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். என் சட்டையை இழுத்து மூடினாள்.

அன்று எனக்கு ஜெபம் வரவில்லை. கொடுக்கச் சொன்னவர், கொடுப்பதற்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். இன்றும் கோயிலுக்குப் போகிறேன். இன்றும் அதையே கேட்கிறேன்.

மறுநாள் காலையில் ஆண்கள் பிள்ளையைப் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினார்கள். பெண்கள் அங்கே போகும் வழக்கம் இல்லை. கடலுக்குப் போக அன்றும் அனுமதி கிடைக்கவில்லை.