கொக்கியில் மாட்டிய சமையலறையோடு பஞ்ச்கனிக்கு

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, பூனாவை ஒட்டிய வாகட்டில் என் தங்கை வித்யாவின் குடியிருப்பு வாசலிலிருந்து கிளம்பினோம். பஞ்ச்கனி அங்கிருந்து ஏறக்குறைய நூற்றுப்பத்து கிலோமீட்டர். வெறும் காரில் போனால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாங்கள் போனது வெறும் காரில் அல்ல. பின்னால் கொக்கியில் ஒரு சமையலறையையே மாட்டியிருந்தோம்.

வித்யா ஹிஞ்சவடியில் பதினாலு வருடம் கணினி வேலை பார்த்தவள். ஆறு மாதங்களுக்கு முன் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தபோது அவள் வேலையும் போயிற்று. வேறு வேலை தேடுவாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவள் போசரியில் ஒரு பட்டறைக்குப் போய், ஒற்றை அச்சில் இரண்டு சக்கரம் வைத்து, எவர்சில்வர் தகடு அடித்து, ஜன்னல் திறந்தால் தோசைக்கல் தெரிகிற மாதிரி ஒரு டிரெய்லர் செய்துகொண்டு வந்தாள். இந்தப் பயணம் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டருக்காக. அவளோடு வேலை பார்த்த மராத்திப் பெண்ணுக்குப் பஞ்ச்கனியில் கல்யாணம். மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இருநூறு பேருக்கு இட்லி, தோசை, பொங்கல்.

நான் கூடப் போனதற்குக் காரணம் என் லைசென்ஸ். தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் பல வருடம் லாரியும் டிரெய்லரும் ஓட்டிவிட்டு, இப்போது அங்கேயே மேசை வேலை பார்க்கிறேன். டிரெய்லர் இழுக்க ஹெவி லைசென்ஸ் வேண்டும் என்று யாரோ சொல்லி வித்யா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்தபோது விஷயம் வேறாக இருந்தது. டிரெய்லரைப் பதிவு செய்து அதற்கென்று தனி நம்பர் வாங்க வேண்டும். ஆனால் மொத்தமாகவே ஏழாயிரத்து ஐநூறு கிலோவுக்குள் அடங்குகிற இந்த மாதிரி வண்டிக்கு, கார் ஓட்டும் லைசென்ஸே போதுமாம். அதற்கு மேல் போனால்தான் ஹெவி. பெரிய டிரெய்லர் என்றால், ஏற்கெனவே ஹெவி கையில் வைத்திருப்பவருக்குத்தான் அதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆக, என் தேவை அங்கேயே முடிந்துவிட்டது. அப்படியும் "நீ வாண்ணா, பேச்சுத் துணைக்கு" என்றாள். அவள் கணவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்துவிட்டார். ஸ்டீயரிங்கில் அவள், பக்கத்தில் நான்.

வார்ஜே தாண்டி காத்ரஜ் சுரங்கப்பாதை வரைக்கும் ஏற்றம். கார் முக்கிக்கொண்டுதான் ஏறியது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஷிவாப்பூர் பக்கம் நீண்ட இறக்கம். மழை விட்டு அதிக நாள் ஆகாததால் இரண்டு பக்கமும் மலை பச்சையாக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பெரிய பஸ் எங்களை உரசுகிற மாதிரி முந்திப் போனது. அது கிளப்பிய காற்றில் டிரெய்லர் இடது பக்கம் ஒதுங்கியது, பிறகு வலது பக்கம், மறுபடி இடது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விடப் பெரிதாக இருந்தது. காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குவது போலிருந்தது. வித்யா பிரேக்கைத் தொடவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. ஓரமாக ஒரு டீக்கடை தெரிய, அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

இறங்கியதும் வித்யா பின்னால் போய்க் கொக்கியைக் குனிந்து பார்த்தாள். பிறகு, திரும்பிப் போய்விடலாம், கல்யாண வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்றாள். எனக்கு அதற்கு மனசு வரவில்லை. இதைவிடப் பெரிய பாரத்தையெல்லாம் நான் இழுத்திருக்கிறேன், சாவியைக் கொடு, மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றேன்.

அவள் சாவியைத் தரவில்லை. "அவ்ளோ வெயிட்டுக்கு லைசென்ஸ் உங்கிட்ட இருக்குண்ணா. இந்தக் காருக்கு இல்லையே" என்றாள்.

காரோடு கொடுத்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். தனக்கென்று பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் எழுநூற்றைம்பது கிலோ வரைதான் இந்தக் கார் இழுக்கலாம் என்று போட்டிருந்தது. வித்யாவுக்கு அது தெரியாதது அல்ல. பட்டறையில் எடை போட்டபோது டிரெய்லர் ஐநூற்றி இருபது கிலோதான் இருந்தது. அப்போது அது காலியாக இருந்தது.

டீக்கடையிலிருந்து அரை கிலோமீட்டரில் ஒரு எடை மேடை இருந்தது. ஊர்க்காரர்கள் 'வஜன் காட்டா' என்கிறார்கள். ஊர்ந்துகொண்டே அங்கே போனோம். மணல் லாரிகளுக்கு நடுவில் எங்கள் டிரெய்லரை மட்டும் கழற்றி மேடை மேல் தள்ளி நிறுத்தினோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எட்டிப் பார்த்து, உள்ளே என்ன என்று மராத்தியில் கேட்டார். இட்லி என்றாள் வித்யா. அவர் சிரித்துக்கொண்டே சீட்டைக் கொடுத்தார். ஆயிரத்து நூற்று இருபது கிலோ.

அதன் பிறகுதான் நாங்கள் உள்ளே இருப்பதை எடையாகப் பார்க்க ஆரம்பித்தோம். பின்சுவரை ஒட்டி இருந்த தொட்டியில் இருநூறு லிட்டர் தண்ணீர். அதாவது இருநூறு கிலோ, அதுவும் கடைசிக் கோடியில். பின்பக்கம் அழுந்தி, முன்பக்கம் கொக்கியைத் தூக்கியிருக்கிறது. வால் ஆடியது அதனால்தான். மாவு டிரம்கள், கிரைண்டர், சிலிண்டர்கள், அரிசி மூட்டை எல்லாம் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே வைத்திருந்தோம். கிடங்கில் பாரம் ஏற்றும்போது எது எங்கே என்று பார்த்துப் பார்த்து வைப்பேன். தங்கை வீட்டு வாசலில் அது ஏனோ எனக்குத் தோன்றவே இல்லை.

டீக்கடைக்குத் திரும்பித் தொட்டியைத் திறந்தோம். தண்ணீர் ரோட்டில் ஓடுவதைப் பார்த்ததும் கடைக்கார அம்மாள் பதறிப்போய் குடம், வாளி, அண்டா என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினார். நானும் வித்யாவும் மாறி மாறிப் பிடித்து நிரப்பினோம். எங்கள் டீக்கு அவர் காசு வாங்கவில்லை.

மீதிச் சுமைக்கு ஒரு வண்டி வேண்டும். காய்கறிக்கூடைகளைச் சந்தையில் இறக்கிவிட்டு, பஞ்ச்கனி மலையடிவாரத்தில் இருக்கும் வாய் என்ற ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிக்கப்காரர் டீ குடிக்க நின்றார். பெயர் தத்தா, முப்பது வயதிருக்கும். வாய் வரைக்கும் என்றால் ஆயிரத்து இருநூறு, பஞ்ச்கனி வரைக்கும் ஏறினால் இரண்டாயிரம் என்றார். வித்யா பேரம் பேசவில்லை. மாவு டிரம்கள், கிரைண்டர், அரிசி எல்லாம் பிக்கப்பில் ஏறின. மீதியை அச்சுக்குக் கொஞ்சம் முன்பாக வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். மறுபடி எடை மேடை. எழுநூற்று முப்பது.

தத்தாவை எங்கள் பின்னாலேயே வரச் சொன்னேன். இவ்வளவு மெதுவாக வந்தால் வெயிலில் மாவு பொங்கிவிடும், நான் முன்னால் போய்விடுகிறேன் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவரோடு மறுநாள் கல்யாணத்துச் சாப்பாடு பாதி கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது. வித்யா அவர் நம்பரை வாங்கிக்கொண்டு, போகச் சொன்னாள்.

பதினோரு மணிக்கு மேல்தான் மறுபடி கிளம்பினோம். நசராபூர், ஷிர்வள், நீரா ஆற்றுப் பாலம். அறுபதுக்கு மேல் அவள் போகவே இல்லை. டிரெய்லர் அடங்கி வந்தது. கம்பாட்கி மலையில் தெற்கே போகிற வண்டிகள் மேலே ஏறித்தான் போக வேண்டும். திரும்பி வருகிறவர்களுக்குத்தான் சுரங்கம். இரண்டாவது கியரில் ஏறினோம். பின்னால் வண்டிகள் சேர்ந்தால், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி எல்லோரையும் போகவிட்டாள். ஒரு லாரிக்காரர் போகிற போக்கில் கையைத் தூக்கிக் காட்டினார்.

சுரூரில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, வாய் ஊரில், பயறுக் குழம்பில் மிக்சர் தூவித் தருகிற மிசல் சாப்பிட்டோம். ஒரு தட்டு தொண்ணூறு ரூபாய். காரம் தாங்காமல் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அங்கிருந்து பசர்ணி மலைப்பாதை. ஏற ஏறக் கீழே தோம் அணைத் தண்ணீரும் கிருஷ்ணா நதியின் வயல்களும் அகலமாக விரிந்துகொண்டே போயின. ஒரு வளைவில் காரின் சூடு காட்டும் முள் ஏறியது. நிறுத்திவிட்டு, ஆறும் வரை கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காலைல பயந்துட்டியா?" என்று கேட்டேன்.

"ரொம்ப. நீ இருந்ததால அழல" என்றாள்.

மூன்றரை மணிக்குப் பஞ்ச்கனி. கல்யாண வீட்டுப் பின்புறத்தில், பலா மரத்தடி நிழலில், எங்கள் மாவு டிரம்கள் வரிசையாக நின்றன. மேலே ஈரச்சாக்கு போர்த்தியிருந்தது. தத்தா பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மா சாவந்த் காகு, அதாவது சாவந்த் சித்தி, அவரை விடாமல் உட்கார வைத்திருக்கிறார். கொட்டிவிட்டு வந்த தண்ணீருக்குப் பதிலாக அவர்கள் கிணற்றிலிருந்து குழாய் போட்டுக் கொடுத்தார்கள். மலைக்குளிரில் மாவு அதற்கு மேல் புளிக்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை தோட்டம் முழுக்கப் பனிமூட்டம். டிரெய்லரின் ஜன்னல் திறந்து விளக்கு எரிந்ததும் கம்பளி போர்த்திக்கொண்டு ஆட்கள் வந்து நின்றார்கள். வித்யா தோசை வார்த்தாள், நான் சட்னி ஊற்றினேன். மராத்திக்காரர்கள் பொங்கலைக் கண்டதும் கிச்சடி என்று நினைத்து வாங்கி, பிறகு மிளகைக் கடித்துவிட்டு மறுபடி வாங்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா மூன்றாவது தோசைக்கு வந்தபோது வித்யாவிடம், "பல்லு வெளக்கினதும் இங்கதான் வந்தனுங்க. பூனாவுல எங்க கடை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கடை கிடையாது, கூப்பிட்ட இடத்துக்கு இதை இழுத்துக்கொண்டு வருவேன் என்றாள் வித்யா. அப்படியானால் இன்னொரு பையனுக்கும் பூனாவிலேயே பெண் பார்த்துவிட வேண்டியதுதான் என்று அந்த அம்மா சொல்ல, வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பத்து மணிக்கு மாவு தீர்ந்தது. கடைசித் தோசையை நாங்கள் இருவரும் பிய்த்துத் தின்றோம்.

தாலி கட்டி முடிந்து, மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். எல்லாம் தீர்ந்துபோய், தொட்டியும் காலியாகி, டிரெய்லர் இப்போது லேசாக இருந்தது. வித்யா சாவியை என்னிடம் கொடுத்தாள். வாய் ஊர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். அடுத்த டிரெய்லரில் பிரேக் வைத்துத்தான் செய்வாளாம். கொஞ்சம் பெரிதாகவும் செய்யப் போகிறாளாம். தனக்கும் ஹெவி கொடுப்பார்களா என்று கேட்டாள். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தால் ஹெவிக்கு எழுதிப் போடலாம், உனக்குத்தான் எத்தனையோ வருடம் ஆயிற்றே என்றேன். டெஸ்ட்டில் என்ன கேட்பார்கள் என்று கேட்டாள். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள். கம்பாட்கி சுரங்கத்து இரைச்சலிலும் விழிக்கவில்லை. முந்தின இரவு அவள் கண் மூடவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வாகட் பாலத்தை நெருங்கும்போது ஆறு மணிக்கு மேல். பாலத்தடியில் பஸ், ரிக்ஷா, பைக் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நின்றன. இந்த இடத்தில் நான் திட்டாமல் கடந்த நாள் கிடையாது. மலை மேல் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வந்ததால் புகையும் ஹாரனும் இன்னும் அதிகமாகத் தெரிந்தன. பக்கத்து ரிக்ஷாக்காரர், இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்று சைகை காட்டினார். வித்யா தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நன்றாகத் தூங்கினாள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை அணைத்தேன். கால் மணி நேரம் ஆகட்டும், அரை மணி நேரமே ஆனாலும் ஆகட்டும்.