பிரசாதத்தைத் தடுத்த கை

தாம்பரம் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் அந்த அம்மா, குழந்தைகளுக்குத் தரும் மிட்டாயைக்கூட உறையின் பின்பக்கம் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். நெற்றியில் கண்ணாடி ஏறியே இருக்கும்.

என் மகளுக்குக் கோதுமை ஆகாத வியாதி. சப்பாத்தியை நிறுத்தி ஒரு வருடமாகியும் குடல் புண் ஆறவில்லை, எலும்பாகிவிட்டாள். அன்று ரத்தம் கொடுத்தவளுக்குக் கோயில் புளியோதரையை ஊட்டப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

“சாமி பிரசாதம்மா இது. விடுங்க.”

“இதுல போடுற பெருங்காயத்துல மைதா கலக்குறாங்க சார். அதுவும் கோதுமைதான். துளி போனாலும் எதிரி வந்துட்டான்னு உடம்பு சொந்தக் குடலையே அடிக்கும்.”

வீட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பினேன். மைதா என்றே போட்டிருந்தது. அது போட்ட சாப்பாட்டைத் தினமும் வேண்டிக்கொண்டு ஊட்டியது நான்தான்.

மகள் இப்போது தேறிவருகிறாள். அந்த அம்மாவுக்காக அர்ச்சனை செய்யப் போனேன். குருக்கள் பெயர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

“ரத்தம் எடுக்கிற அம்மா” என்றேன்.