மேசைக்குக் கீழே ஒரு பிறந்தநாள் சாப்பாடு

சென்ற ஆண்டு மே மாதப் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. லண்டனுக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய தீம் பார்க்குக்கு நாங்கள் நால்வரும் போயிருந்தோம். நாங்கள் இருக்கும் இல்ஃபோர்டிலிருந்து காரில் போக மோட்டார்வே நெரிசலோடு காலைப் பொழுது பாதி போய்விடும். ஆனால் அன்று மகளின் பதின்மூன்றாவது பிறந்தநாள். போகாமல் இருக்க முடியாது.

என்ன வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே அவளிடம் கேட்டிருந்தேன். போன், காலுக்குச் சப்பாத்து என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மா, ஒரு நாளைக்கு நாலு பேரும் ஒரு ரெஸ்டோரண்டில ஒண்டா இருந்து சாப்பிடுவமா? ப்ரோப்பர் ரெஸ்டோரண்ட். காருக்குள்ள இல்ல" என்றாள்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று சொல்ல வேண்டும். என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் பேசுவான். திடீர்ச் சத்தம் அவனுக்கு ஆகாது. சாப்பாடு வெள்ளையாக இருக்க வேண்டும்: புட்டு, வெறும் சோறு, ஓரம் வெட்டிய சான்ட்விச் பாண். வெள்ளையில் பச்சையாக ஏதாவது ஒரு துளி தெரிந்தால் தட்டையே தள்ளிவிடுவான். எங்கே போனாலும் சின்னச் சட்டி ஒன்றின் எவர்சில்வர் மூடியைக் கையில் கொண்டு வருவான். அதைத் தரையில் சுழலவிட்டு, அது சுற்றிச் சுற்றிப் படுத்து அடங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பான். அதில் அவனுக்கு அவ்வளவு நிம்மதி.

அவனுக்கு நான்கு வயதாக இருந்தபோது ஒரு உணவகத்தில் அழுது கத்திவிட்டான். அந்த இடத்து மனேஜர் மிக மரியாதையாக வந்து, சாப்பாட்டைப் பெட்டியில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். நாங்கள் கேட்கவில்லை, அவராகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் எங்கேயும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கல்யாண வீடுகளில்கூட நானும் என் கணவரும் ஒருவர் மாறி ஒருவர் அவனோடு கார் பார்க்கில் நடப்போம். வெளியே வாங்கினால் காருக்குள் இருந்து சாப்பிடுவோம். மகள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதனால் அவளுக்குக் குறை இல்லை என்று நான் நினைத்துவிட்டேன்.

அந்தப் பார்க்குக்குள்ளே ஒரு இத்தாலிய உணவகம் இருந்தது. மற்றக் கடைகளைப் போல வரிசையில் நின்று தட்டோடு வாங்கும் இடம் அல்ல. மேசைக்கு வந்து ஓடர் எடுக்கும் இடம். மகள் இணையத்தில் பார்த்து அதைத்தான் தெரிவு செய்திருந்தாள். போகும் வழியெல்லாம் என் கணவர் முன் சீட்டில் இருந்து போனில் அதைப் பற்றி ஆட்கள் எழுதியதை வாசித்துக்கொண்டு வந்தார். அன்றைக்குக் கார் ஓட்டியது நான்.

"இஞ்சை பாரும், ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை. விலை நெருப்பு, பாஸ்தா சும்மா கடையில வாங்கின மாதிரி எண்டு எழுதிக் கிடக்கு."

"அவள் கேட்டது பாஸ்தா இல்லையப்பா" என்றேன். அவர் வாசிப்பதை விடவில்லை.

காலை நன்றாகத்தான் போனது. பார்க்கைச் சுற்றி ஓடும் குட்டி ரயிலில் மகன் திரும்பத் திரும்ப ஏறினான். காதை மூடும் ஹெட்போன் போட்டிருந்ததால் ரோலர்கோஸ்டர் சத்தத்தையும் தாங்கிக்கொண்டான். மத்தியானம் மழை தூற ஆரம்பித்தது. நாங்கள் அந்த உணவகத்துக்குள் போனோம்.

உள்ளே நான் நினைத்ததைவிட ஆடம்பரமாக இருந்தது. மேசைகளில் தரையைத் தொடுமளவுக்கு வெள்ளை விரிப்பு. மகள் உள்ளே காலடி வைத்ததும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டதைக் கவனித்தேன். எங்களை மூலையில் ஒரு மேசையில் இருத்தினார்கள். மெனுவைத் திறந்த கணவர் ஒரு பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "தண்ணிக்கும் காசு" என்றார்.

எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். உயரமானவர், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தார். இத்தாலிக்காரி அல்ல, அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டால் கிழக்கு ஐரோப்பாப் பக்கம் என்று தோன்றியது. ஓடர் எடுத்தார். மகனுக்கு வெறும் பாஸ்தா, சோஸ் வேண்டாம், இலை தழை ஒன்றும் வேண்டாம் என்று நான் இரண்டு தரம் சொன்னேன். அவரும் தலையாட்டி எழுதிக்கொண்டார். மகன் கதிரையில் அமைதியாகத்தான் இருந்தான். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நடந்துவிடும் போலிருக்கிறதே என்று நானும் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் குசினிப் பக்கம் சமையல் ஆட்களில் யாரோ ஒரு தட்டு அடுக்கைக் கீழே போட்டுவிட்டார்கள்.

ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தோம். அந்தச் சத்தம் முழுதாக அவன் காதில் விழுந்தது. ஒரு கத்துக் கத்தினான். அடுத்த கணம் கதிரையிலிருந்து வழுக்கி மேசைக்குக் கீழே போய்விட்டான். விரிப்பு அவனை மூடிக்கொண்டது. உள்ளே அழுகை. பிறகு மூடி சுழலும் சத்தம். ஓடு பதித்த தரை, எவர்சில்வர் மூடி, அது அடங்கும்போது எப்படிக் கிணுகிணுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முழுக் கடையும் திரும்பிப் பார்த்தது.

எனக்கு முகம் கொதித்தது. ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. போவோம் என்று நானும் சொல்லவில்லை, கணவரும் சொல்லவில்லை. மகள் எழுந்து, கதிரையின் பின்னால் தொங்கிய ஜக்கெட்டை எடுத்துப் போட ஆரம்பித்தாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. அவ்வளவு பழகிப் போயிருந்தது அவளுக்கு.

அந்தப் பெண் எங்களிடம் வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் நானே முந்திக்கொண்டேன். மன்னிக்க வேண்டும், மகனுக்கு ஆட்டிசம், மன்னிக்க வேண்டும், சாப்பாட்டைப் பெட்டியில் போட்டுத் தந்தால் நாங்கள் போய்விடுகிறோம் என்றேன்.

அவர் குழம்பிப் போய் என்னைப் பார்த்தார். "ஏன்? அவன் உட்கார்ந்துதானே இருக்கிறான்? நீங்களும் உட்காருங்கள்" என்றார்.

பக்கத்து மேசையில் இருந்த தம்பதி கையைக் காட்டி அவரைக் கூப்பிட்டார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஆனால் எங்களைப் பற்றித்தான் என்று தெரிந்தது. அவர் அவர்களுடைய கிளாஸ்களைத் தானே தூக்கி, ஜன்னலோரம் வேறொரு மேசையைக் காட்டி, அங்கே கொண்டுபோய் வைத்தார். எழுந்து போனது அவர்கள். என் வாழ்க்கையில் அதுவரைக்கும் எழுந்து போனது எப்போதும் நாங்களாகத்தான் இருந்திருக்கிறோம்.

திரும்பி வரும்போது அவர் கையில், பீட்சா வைத்துப் பரிமாறும் வட்ட மரப்பலகை ஒன்று இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, விரிப்பின் ஓரத்தைக் கொஞ்சமாகத் தூக்கி, பலகையைத் தரையோடு உள்ளே தள்ளினார். விரிப்பைத் திரும்ப இறக்கிவிட்டார். பிறகு மூடி மரத்தில் சுழலும் சத்தம் வந்தது, மெல்லிய உறுமல் மாதிரி. அழுகை நின்றிருந்தது.

சாப்பாடு வந்தபோது, மகனின் பாஸ்தாவின் மேல் யாரோ பழக்கதோஷத்தில் பச்சை இலையைத் தூவியிருந்தார்கள். நான் அதைக் கண்டு வாயைத் திறப்பதற்குள் அவரும் கண்டுவிட்டார். பாதி வழியில் நின்று, தட்டைப் பார்த்து, தனக்குள் ஏதோ முணுமுணுத்தபடி திரும்பிப் போனார். புதிதாக ஒரு தட்டு, சுத்த வெள்ளை பாஸ்தா, கொண்டு வந்தார். மேசையில் வைக்கவில்லை. மறுபடி முட்டி போட்டார். ஒரு துணி நப்கினை விரித்து, அதன்மேல் தட்டை வைத்து, பக்கத்தில் முள்ளுக்கரண்டியும் வைத்து, "சாப்பாடு வந்துவிட்டது, சேர்" என்று மெதுவாகச் சொல்லி உள்ளே தள்ளினார். பெரிய மனிதர்களுக்குப் பரிமாறுவது போல அவ்வளவு ஒழுங்காக.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜக்கெட்டைக் கழற்றினாள். "அம்மா, நானும் கீழ போகட்டே?" என்று கேட்டாள். என் பதிலுக்கு நிற்காமல் தன் பீட்சாத் தட்டோடு விரிப்புக்குள் நுழைந்துவிட்டாள்.

மேலே நானும் கணவரும் மட்டும். நேருக்கு நேர். இருவர் கையும் சும்மா இருந்தது. கடைசியாக இப்படி எப்போது உட்கார்ந்தோம் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவர் என் தட்டை என் பக்கம் தள்ளி, "சாப்பிடும், ஆறப்போகுது" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி சாப்பிட்டேன். கீழே மகள் தம்பியோடு ஏதோ ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தாள். இடைக்கிடை மூடி சுழன்றது.

சாப்பிட்டு முடித்ததும் கணவர் கோப்பி கேட்டார். விலைப்பட்டியலைப் பார்க்காமலே கேட்டார். அதோடு சேர்த்து, இன்றைக்கு மகளின் பிறந்தநாள் என்றும் அந்தப் பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் என் பக்கம் குனிந்து, பாட்டுப் பாடினால் தம்பிக்குப் பிடிக்குமா என்று கேட்டார். கைதட்டினால் பயப்படுவான் என்றேன். சரி என்று போனார். ஒரு கிண்ணத்தில் வெனிலா ஐஸ்கிறீம், இரண்டு கரண்டி, கொளுத்தாத ஒரு மெழுகுதிரி. விரிப்பைத் தூக்கி, ஹாப்பி பர்த்டே என்று ரகசியம் போலச் சொல்லி உள்ளே கொடுத்தார். உள்ளேயிருந்து மகள், அதே ரகசியக் குரலில், "தாங்க் யூ" என்றாள். பிறகு என் மகனின் குரலும் கேட்டது. "ஐஸ்." அவ்வளவுதான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்ததை அவன் வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நாங்கள் கிளம்பும் வரைக்கும் அவன் மேலே வரவில்லை. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பில்லிலும் ஒரு பென்ஸ்கூடக் குறைக்கவில்லை. கணவர் அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு பணப்பையிலிருந்து தனியாக ஒரு நோட்டை எடுத்து, கோப்பிக் கோப்பைக்குக் கீழே வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

வாசலில் நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்ல வந்த வாயில் வேறு கேள்விதான் வந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்க வேண்டும் என்று எனக்கு நிச்சயம். இல்லாவிட்டால் எப்படி இவ்வளவு புரியும்?

"இல்லையே. எனக்குப் பிள்ளைகளே இல்லை" என்றார். பிறகு நான் எதற்குக் கேட்கிறேன் என்று விளங்காதவர் மாதிரி, "அவனுக்குப் பசி. அதுதானே" என்றார். இன்னொரு மேசையில் கூப்பிட்டார்கள். போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

காரில் மகன் தூங்கிவிட்டான். மகள் பின் சீட்டிலிருந்து, "அப்பா, நெக்ஸ்ட் இயரும் அங்க போவமா?" என்று கேட்டாள். விலையைப் பற்றி ஏதாவது வரும் என்று நான் காத்திருந்தேன். இவர் மழையைப் பார்த்துக்கொண்டே, "பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு ஓம் என்றுதான் அர்த்தம்.

நான் வேலை செய்யும் பார்மசியில் ஒரு பெண், பிள்ளைகளோடு அந்தப் பார்க்குக்குப் போகிறாளாம், அந்த இத்தாலிய உணவகம் கொடுக்கும் காசுக்குத் தகுமா என்று அண்மையில் என்னிடம் கேட்டாள். பாஸ்தா சுமார்தான், பீட்சா பரவாயில்லை, விலை மிக அதிகம் என்று உள்ளதைச் சொன்னேன். ஆனால் போய்ப் பார் என்றும் சொன்னேன். அவளுக்கு அது குழப்பமாக இருந்திருக்கும்.

நான் பல வருடங்களாக ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். இந்தப் பாடு பட்டவர்களுக்கு மட்டும்தான் எங்களைப் புரியும், மற்றவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று. அதனால் யாரும் நல்லவராக இருக்க நான் நேரமே கொடுத்ததில்லை. அதற்குள் எழுந்து போய்விடுவேன். இப்போது மாதத்தில் ஒரு தடவையாவது எங்காவது போய் உட்காருகிறோம். சில இடங்களில் முறைக்கிறார்கள், ஒரு இடத்தில் பாதியில் எழும்பியும் வந்தோம். ஆனாலும் கதவைத் திறந்து உள்ளே போகும்போது, எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் எங்களுக்கு நல்லது செய்யக்கூடும் என்று நினைத்துக்கொண்டு போகிறேன், அந்த நினைப்பை எனக்குத் தந்த அந்தப் பெண்ணுக்கு மனதுக்குள் நன்றி சொல்லாத நாள் இல்லை.