வாய்க்காலில் போன தூங்குமூஞ்சி

தூங்குமூஞ்சி மரம் என்று பேர் வைத்தவர்கள் அதன் நிழலைப் பார்த்திருக்கமாட்டார்கள். எங்கள் திடலில் தானாக முளைத்துத் தடித்த இரண்டு மரங்களின் நிழல் தூங்கி நான் கண்டதில்லை. பொழுது புலர்ந்ததும் பக்கத்து வயலுக்குள் இறங்கிவிடும். அது நின்ற இடத்து நெல் வெளிறி, நெட்டையாகி, கதிரைக் கசக்கினால் பாதி பதர்.

வயல்காரர் வளைகுடாவில் பல வருடம் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். விவசாயம் அவருக்குப் புதுசு. குறுவை அறுத்த அன்று ஒரு பிடி பதரை என் உள்ளங்கையில் கொட்டி, "இது உங்க மர நிழல்ல வெளஞ்சது சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் குத்தியது.

மனசில் ஒன்று ஏறிவிட்டால் என்னால் உட்கார முடியாது. தஞ்சாவூரில் இருந்துகொண்டே போன் மேல் போன். கடைசியில் பட்டுக்கோட்டைப் பக்கத்து மரம் வெட்டும் கூட்டம் ஒன்று அகப்பட்டது. புயலில் சாய்ந்த தென்னைகளை அறுத்து அறுத்தே தொழில் பழகிய ஒரு கணவன் மனைவி, கூட கணவனின் தம்பிகள் இரண்டு பேர். பேசியது மனைவி. மரம் முழுக்க அவர்களுக்கு, வெட்டவெளி எனக்கு. காசுப் பேச்சே கிடையாது. படம் அனுப்பினேன். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"லாரி வர வழி இருக்குல்ல சார்?"

"தாராளமா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. நான் அந்த நிலத்தைப் பார்த்ததெல்லாம் கோடை விடுமுறையில். அப்போது அறுத்த வயலெல்லாம் தெரு. டிராக்டர், மாடு, ஐஸ் வண்டி, எது வேண்டுமானாலும் குறுக்கே போகும். அந்த வழிதான் என் கண்ணுக்குள் இருந்தது.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் லாரியோடு வந்து இறங்கினார்கள். சாலையிலிருந்து திடல் வரைக்கும் சம்பா. பொன் நிறம் ஏறி, தலை கவிழ்ந்து, காற்று தொட்டால் முணுமுணுக்கிற கதிர். நடுவில் ஓர் ஆள் நடக்கும் வரப்பு.

"எங்க சார் வழி?"

கையை நீட்டினேன். நீட்டிய கை வயலைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

"நீங்க சொன்னது சித்திரை மாசத்து வழி. நாங்க வந்திருக்கறது தையில" என்றார் அந்தப் பெண்.

"திரும்பிருவமா?" என்றார் கணவர்.

"எங்க திரும்பறது? கையில இருந்த வேலைய வேணாம்னுட்டுல்ல வந்திருக்கோம்? இவங்க அறுத்து, வயல் காய மாசி போயிரும். அதுவரைக்கும் கட்ட கெடந்தா காஞ்சு எடை போயிரும். நமக்கு எடைதானங்க கூலி."

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. திடல் ஓரத்து வாய்க்காலில் ஒரு குச்சியைப் போட்டு, அது போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சத்தம் கேட்டு வயல்காரர் வந்தார்.

"பாய், இந்தத் தண்ணி எங்க போவுது?"

"ரோட்டு மதகுக்குத்தான்க்கா. இந்த மாசத்தோட ஆத்துல நிறுத்திருவாங்க."

"கரையில நிக்கிற வாழையெல்லாம் தாரு வெட்டுனதுதான? மரத்தக் குடுங்க. கட்டைக்கு ரெண்டு பக்கமும் கட்டி மெதக்க விட்டுர்றோம்."

வயல்காரர் முகம் மாறியது. "கரை ஒடஞ்சா என் கதிரு படுத்துரும்க்கா. அப்புறம் அறுப்பு மெஷின் எறங்காது. சம்பா எனக்கு இதான் மொத தடவ."

"ஒடஞ்சா அடச்சிட்டுத்தான் கட்டையத் தொடுவேன். போதுமா?"

வாழை வெட்ட அரிவாள் எடுத்துவர அவர் வீட்டுக்குப் போனார்.

பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்ல? கணவர் உச்சிக்கு ஏறினார். ஒவ்வொரு கிளைக்கும் கயிறு. அறுந்த கிளை விழவில்லை, இறங்கியது, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல. கீழே நின்று அந்தப் பெண் "இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம், ஆங்" என்று குரலாலேயே மரத்தைத் திருப்பினார். அடிமரம் இரண்டும் திடலுக்குள்ளேயே சாய்ந்தன. மண் ஒருமுறை அதிர்ந்தது. கதிரில் ஒரு மணி உதிரவில்லை. விறகை வரப்பு வழியே தலைச்சுமையாகத் தூக்கிப் போனார்கள். நானும் ஒரு கட்டு சுமந்து, இரண்டு தடவை வழுக்கினேன்.

மறுநாள் துண்டு போட்ட அடிமரங்கள் வாய்க்காலில் இறங்கின. இரு பக்கமும் வாழை, சுற்றிலும் கயிறு. எழாமல் கிடந்த கனத்தைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனது. கணவரும் தம்பிகளும் பிடித்து நிறுத்த மதகில் நின்றார்கள். கழுத்தளவு நனைந்து அந்தப் பெண் கட்டைக்குப் பின்னால் போக, கரையில் நானும் வயல்காரரும் ஓடினோம். முதல் கட்டை போனது. இரண்டு, மூன்று போயின. கடைசியாக ஆகப் பெரியது, லாரி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் நம்பியிருந்தது, திருப்பத்தில் போய்க் கரையை முட்டியது. ஒரு முழம் கரை பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் வயலுக்குள் பாய்ந்தது.

கட்டையைக் கையாலும் தோளாலும் அணைத்துப் பிடித்திருந்தவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கையை எடுத்துவிட்டார். கட்டை தன் பாட்டுக்குப் போய்விட்டது.

"சார்! உக்காருங்க அதுல!"

"எதுல?"

"ஒடப்புலதான்! நிக்காதீங்க, உக்காருங்க!"

உட்கார்ந்தேன். தை மாதத்துத் தண்ணீர் முதுகில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்தது. வயல்காரர் அத்தனை பதற்றத்திலும் சிரித்துவிட்டார்: "அசையாதீங்க சார், நல்லா அடையுது." வாழைச் சருகும் சேறுமாக அந்தப் பெண் அள்ளி அள்ளி என்னைச் சுற்றி அப்பினார். நான் எழுந்த பள்ளத்தில் ஒரு வாழைத் துண்டை வைத்து ஏறி மிதித்தார். கசிவு நின்றது. குனிந்து கரையில் காதை வைத்துக் கேட்ட பிறகுதான் மதகுப் பக்கம் திரும்பினார்.

"இப்பப் போலாம்."

அதற்குள் மதகிலிருந்து கணவரின் கூச்சல்: "ஏய்! கட்ட மட்டும் வருது! நீ எங்கடி?"

"இருக்கேங்க, இருக்கேன்! மொதல்ல கட்டையப் புடிங்க! விட்டீங்க, அடுத்த ஊருக்குப் போயிரும்!"

நாங்கள் ஓடிப்போனபோது அவரும் தம்பிகளும் மதகுச் சுவரில் கால் ஊன்றிக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார்கள். கட்டை முண்டியது; பிடி தளரவில்லை. ஐந்து ஆறு பேர் சேர்ந்து உருட்டி லாரியில் ஏற்றினோம். அந்தப் பெண் ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டு அந்தப் பெரிய கட்டையை மட்டும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். வயல்காரர் வீட்டிலிருந்து டீ வந்தது. டம்ளரை வாங்கிய அவர் கையில் கட்டைக் கயிறு அறுத்த தடம் சிவந்திருந்தது.

லாரி கிளம்பியது. சாலை நெடுகக் கட்டைகள் சொட்டிக்கொண்டே போயின.