ஷட்டரை இறக்கிய ஞாயிறு

திருவொற்றியூரில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னாலேயே வீடு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகிறது. காலை ஐந்தரைக்குத் திறந்தால் ராத்திரி பத்தரை வரை கல்லாவில் யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்றாலும் மைத்துனனை உட்கார வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் பள்ளியும் அஸ்ஸாமில் ஒரு பள்ளியும் மாணவர்களை மாற்றி அனுப்பும் திட்டம் ஒன்று வந்தது. அங்கிருந்து வரும் ஒரு பெண்ணைப் பத்து நாள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். யோசிக்காமல் சரி என்றேன். கடைக்காரன் வாய்க்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

வந்தவள் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களின் மகள். மெலிந்த உருவம், எதற்கும் தலையை மட்டும் ஆட்டுவாள். மகளும் அவளும் தெரிந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். விருந்தாளிக்குக் குறை வைக்கக் கூடாது என்று மனைவி புதிதாக ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கினாள். அவை அவளுக்கு மட்டும்தான். வஞ்சிர வறுவல், ஒரு நாள் மட்டன், ஒரு நாள் கோழி. முதல் பந்தி அவளுக்கு. மனைவி நின்று பரிமாறுவாள், மகள் கல்லாவைப் பார்த்துக்கொள்வாள், நான் மூட்டை இறக்குவேன். அவள் எழுந்த பிறகு நாங்கள் ஒவ்வொருவராக வந்து அடுப்படியில் எதையோ போட்டுக்கொண்டு கடைக்கு ஓடுவோம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். சரியாக மூன்றாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், மகள் கல்லாவுக்கு வந்து தயங்கி நின்றாள்.

"அப்பா, அவ வேற வூட்டுக்குப் போறாளாம். திங்கக்கெழம டீச்சராண்ட சொல்லப் போறா. நாம யாரும் அவகூட உக்காந்து துன்றதில்லையாம். தட்டு கூட தனியா வெச்சிக்கீறோமாம்."

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பார்த்துப் பார்த்துச் செய்ததற்கு இதுதான் பலனா என்று துவரம்பருப்பை எடை போட்டுக்கொண்டே பொரிந்து தள்ளினேன். மகள் விடவில்லை. அந்தப் பெண்ணின் ஊரில் சில வீடுகளில் தோட்டத் தொழிலாளர்களுக்கு இப்படித்தான் தனித் தட்டு வைப்பார்களாம். தான் எழுந்த பிறகு நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்து, இரண்டு நாளாக அந்தப் பெண் குளியலறையில் போய் அழுதிருக்கிறாள். அதைக் கேட்டதும் பருப்பு தராசிலேயே நின்றது. என் மகள் வயதுப் பிள்ளை. என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அழுதிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

ஆனாலும் வறட்டுக் கௌரவம் விடுமா? நம்மைப் பற்றித் தெரியாமல் அவளே ஒன்றை நினைத்துக்கொண்டால் நாம் என்ன செய்வது என்று மனைவியிடம் முறையிட்டேன்.

"கொஞ்சம் பேசாம இருங்க. நாம ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிட்டு எத்தன வருசம் ஆவுது, சொல்லுங்க பாப்போம்" என்றாள்.



மறுநாள் ஞாயிறு. மதியம் ஒரு மணி, நல்ல வியாபார நேரம். சோடா கேட்டு நின்றவருக்கு எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்து இறக்கினேன். கூடத்தில் பாய் விரித்து நால்வரும் உட்கார்ந்தோம். மனைவி புதுத் தட்டையும் சேர்த்து எல்லாத் தட்டுகளையும் ஒன்றாக அடுக்கி, கைக்கு வந்ததை எடுத்துப் போட்டாள். அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். சோற்றில் கை வைக்கவில்லை.

இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டேன், ஷட்டரைத் தட்டும் சத்தம். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர், பின்னால் டீக்கடைக்காரர், நாலைந்து பெண்கள். ஒருத்தி கையில் மாலைகூட இருந்தது.

"இன்னா அண்ணாச்சி, யாரு தவறிட்டாங்க?" என்றார் ஆட்டோக்காரர், தணிந்த குரலில்.

யாரும் சாகவில்லை, சாப்பிடுகிறோம் என்று சொல்லி அவர்களை நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. திரும்பி வந்தபோது மகள் அந்தப் பெண்ணிடம் நடந்ததை விளக்கிக்கொண்டிருந்தாள். கடையைப் பகலில் இதற்கு முன் மூடியது எப்போது என்று அவள் கேட்கிறாளாம். என் அப்பா இறந்த அன்றைக்கு என்றேன். மகள் அதைச் சொன்னாள்.

அந்தப் பெண் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில் என்ன நினைத்தாளோ, தான் பிட்டுத் தின்றுகொண்டிருந்த வஞ்சிரத்தில் மீதியை எடுத்து, என் மனைவியின் தட்டில் வைத்தாள்.

எனக்குத் திக்கென்றது. என் மனைவி எச்சில் விஷயத்தில் மகா கறார். நான் குடித்த டம்ளரைக்கூடக் கழுவாமல் தொட மாட்டாள். அவள் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டை எடுத்து, முள்ளை நீக்கி, வாயில் போட்டு மென்றாள். வெளியே யாரோ மறுபடியும் ஷட்டரைத் தட்டினார்கள். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.