பன்னிரண்டாவது சீடர்

பெரிய மருத்துவமனையின் பிணவறையில் பத்தொன்பது ஆண்டுகளாக உதவியாளராக இருப்பவரை அங்குள்ளவர்கள் துணிக்காரர் என்றே அழைப்பார்கள். இறந்தவர்களைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, கால் கட்டைவிரலில் எண்ணட்டை கட்டி அனுப்புவது அவர் வேலை. அதில் அவசரமும் கிடையாது, அலட்சியமும் கிடையாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால்தான் கையையே நனைப்பார்.

"அவங்களுக்குச் சூடு தெரியுமாக்கும்?" என்று காவலாளி சீண்டுவார்.

"என் கைக்குத் தெரியும்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணியானால் அவர் வேறு ஆள். தங்கை வீட்டுக் கூடத்தில், தாளும் பென்சிலும் பகடையுமாக ஒரு கற்பனை ஆட்டம் நடக்கும். ஆளுக்கொரு வீரப் பாத்திரம். ஆட்டத்தை நடத்துபவர் மட்டும் எதிரே என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். மிச்சத்தைப் பகடை பார்த்துக்கொள்ளும். நடத்துபவர் நில அளவைத் துறையில் சர்வேயர். கட்டம் போட்ட தாளில் அவர் வரையும் நிலவறைகளில் ஓர் அங்குலம் பிசகாது. தங்கையின் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர், வாள்வீரர். அடுத்த தெருப் பல் டாக்டரம்மா மந்திரவாதி.

துணிக்காரர் ஓராண்டு பிந்திச் சேர்ந்தார். வீரர்களுக்கு இடமில்லை, சீடர்களைக் கொடுத்தார்கள். ஆலயத்திலிருந்து கூட்டிப் போகும் முதல்நிலைச் சீடர்கள் அவர்கள். நாளுக்கு ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு காயத்தை ஆற்றுவார்கள். அதுவும் தீர்ந்த பிறகு எவராவது சாகக் கிடந்தால், நெஞ்சில் கைவைத்துத் தம் உயிரையே கொடுத்துவிட்டுச் சாய்வார்கள். வீரர் எழுந்து வாளைத் தேடுவார்.

"மச்சான், ஒரு பஞ்சு அனுப்புங்க" என்பார் மாப்பிள்ளை. அந்த வீட்டில் சீடருக்குப் பெயர் பஞ்சு. ஒத்தி எடுத்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணால் அழைக்கப்படுபவர்களை எப்படி ஆடுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே, எவரிடமும் சொல்லாமல் ஒரு வழி செய்துகொண்டார். அந்த வாரம் தம் கையால் கழுவியவர்களில், கேட்க ஆளில்லாமல் போன ஒருவரின் அடையாளத்தைச் சீடருக்கு மனத்துக்குள் வைத்துவிடுவார். ஒருவருக்கு இடது காலில் சுண்டுவிரல் இல்லை. ஒரு பெண்ணின் விரலிடுக்கில் அழியாத மைக்கறை. இன்னொருவர் மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. போனவர் இன்னும் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரட்டுமே என்றுதான் நினைத்தார். நடந்தார்கள்; ஒவ்வொருவராக மறுபடியும் செத்தார்கள். ஒன்பது ஆண்டுகளில் பதினொரு பேர்.

பன்னிரண்டாவது சீடரைக் கேட்ட வாரம் கேட்க ஆளில்லாத உடல் எதுவும் பிணவறைக்கு வரவில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டார். பேசத் தொடங்குமுன் வலது தாடைக்குக் கீழே கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்க்கும் பழக்கம். அது அவர் மனைவியுடையது.

இரண்டு வாரம் கழித்து, மனைவி அழுத்திப் பார்க்கும் அதே இடத்தில் டாக்டர் கட்டியைக் கண்டுபிடித்தார்.

தசையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியாயிற்று. முடிவு சனிக்கிழமை ஐந்து மணிக்கு. அன்று காலையிலிருந்து வீட்டுக்குள் அவர் நடந்த நடையைப் பார்த்து மனைவிக்கே அலுத்துப்போனது.

"நீங்க இப்படி உலாத்துனா நானும் கூடவே நடக்க வேண்டியதுதான். அக்கா கூட வர்றா. நீங்க போய் உங்க பகடைய உருட்டுங்க. தெரிஞ்சதும் போன் பண்றேன்."

வந்தார். பன்னிரண்டாவது சீடர் இன்று சாகக் கூடாது என்ற ஒரே நினைப்போடு வந்தார்.

நாலரை மணிக்குச் சர்வேயர் ஒரு கல்லறைக் கதவைத் திறந்தார்.

"நீளமான அறை. ரெண்டு சுவரோரமும் வரிசையா நிக்கிறாங்க. எல்லாரும் சீடர் அங்கி. பதினொரு பேர்."

"நம்ம பழைய பஞ்சுங்களா?" மாப்பிள்ளை சிரித்தார். "வாங்கய்யா வாங்க, சௌக்கியமா?"

சர்வேயர் சிரிக்கவில்லை. கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, எல்லைக்கல் எண்ணுவது போல ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனார். "முதல்ல நிக்கிறவருக்கு இடது கால்ல சுண்டுவிரல் இல்ல. பக்கத்துல ஒரு பொண்ணு, விரலிடுக்குல மை. அதுக்கு அடுத்தவர் மணிக்கட்டுல முக்கோணமா ஒரு சூட்டுத் தழும்பு..."

துணிக்காரருக்குக் கூடத்தின் சுவர்கள் ஒரு சாண் நெருங்கி வந்தாற்போல இருந்தது. எட்டி, சர்வேயரின் தாளைப் பார்த்தார். கட்டங்களுக்கு நடுவே '11 பேர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இதெல்லாம் எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"எழுதலையே அண்ணே. வாயில வந்துச்சு, சொன்னேன்."

மாப்பிள்ளை அந்த வரிசைமேல் வாளை வீசினார், பகடைகள் உருண்டன. வாள்வீரர் மூன்றாவது சுற்றிலேயே விழுந்தார். பன்னிரண்டாவது சீடரின் அன்றைய மந்திரம் முந்தைய அறையிலேயே தீர்ந்திருந்தது. இனிக் கொடுப்பதற்கு உயிர் ஒன்றுதான்.

"மச்சான், பஞ்ச அனுப்புங்க."

"இது போகாது."

"என்னது?"

"இவள அனுப்ப மாட்டேன்."

"பத்து வருஷமா வளர்த்த வீரன் மச்சான்! உங்க தங்கச்சியப் பொண்ணு கேட்டப்போகூட நான் இவ்வளவு கெஞ்சல."

"கெஞ்சியிருந்தா அப்பவே யோசிச்சிருப்போம்" என்று அடுப்படியிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

பல் டாக்டரம்மா மெல்லக் கேட்டார்: "அண்ணே, ஒரு சீடர்தானே? ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

என்னவென்று சொல்வார்? சொன்னால் அவர்களே சிரித்துத் தேற்றுவார்கள். அந்தத் தேறுதலைச் சுவரோரம் நிற்கும் பதினொரு பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"யாரும் உயிர் கொடுக்கலைன்னா என்ன ஆகும்?" என்று சர்வேயரைக் கேட்டார்.

"வீரர் செத்துடுவார். அப்புறம் வரிசைல ஒரு இடம் காலியா இருக்கு. அதுக்கு அவங்களே ஒருத்தர எடுத்துக்குவாங்க." சர்வேயர் நெற்றியைத் தேய்த்தார். "எல்லாரும் உங்க சீடரத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க. அந்தம்மா தாடைக்குக் கீழ அழுத்திக்கிட்டே நிக்கிறாங்க."

மணி ஐந்தாக நாலு நிமிடம்.

துணிக்காரர் கண்ணை மூடினார். ஓர் உடலைத் துடைப்பது போல, மேலிருந்து கீழாக, அந்தச் சீடரிடமிருந்து மனைவியின் சாயலைத் துடைத்து எடுத்தார். கட்டைவிரலை எடுத்தார், தாடையை எடுத்தார், பேசுமுன் வரும் அந்தச் சின்னத் தயக்கத்தையும் எடுத்தார். வெற்றாக நின்ற அங்கிக்குள் எவரை வைப்பது என்று அவர் வெகுநேரம் யோசிக்கவில்லை. இதுவரை அவர் அடையாளம் கடன் வாங்காதது ஓர் ஆளிடம்தான்: தம்மிடம்.

"சரி. சீடர் போறார்" என்றார்.

சர்வேயர் தொடங்கினார்: "முன்னாடி வர்றார். நடுவயசு. குனிஞ்ச தோளு. கை ரெண்டும் தண்ணியில ஊறிச் சுருங்கிக் கெடக்கு..."

"பொம்பளைன்னுதானே சொன்னீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"அப்படியா சொன்னேன்? எனக்கு இப்ப இப்படித்தான் தெரியுது. வீரரோட நெஞ்சுல கைய வைக்கிறார். மொதல்ல தண்ணியத் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு தடவ லேசாத் தொடுறார். அப்புறம் அழுத்தி வைக்கிறார். வரிசைல எல்லாரும் நகர்ந்து இடம் விடுறாங்க."

பகடை விழுந்தது. வாள்வீரர் எழுந்தார். மாப்பிள்ளை மேசையை ஓங்கித் தட்டிக் கூச்சலிட்டார். பல் டாக்டரம்மா கைதட்டினார். அந்த ஆரவாரத்தில் துணிக்காரரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"ஏங்க, சாதாரணக் கட்டிதானாம்! பயப்பட ஒண்ணுமே இல்லையாம். டாக்டரே சிரிச்சுக்கிட்டே சொன்னார்." மனைவியின் குரலில் பத்து வயது குறைந்திருந்தது. பின்னால் அவள் அக்கா ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது.

"நல்லதும்மா" என்றார்.

"ஹலோ?"

"நல்லதுன்னு சொன்னேன்."

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா? அக்கா, எடுத்தவங்க பேசவே மாட்டேங்கிறாங்களே."

"இருக்கேன்" என்றார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கூடம் அதிரும்படி இன்னொரு தடவை சொன்னார்: "இங்கதான் இருக்கேன்மா!"

மேசையில் சர்வேயர் அடுத்த அறையின் கட்டங்களை அளந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை பகடைகளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை.